சொன்ன நாளில் தராத தையல்காரர்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடியே ருக்கையா ஆன்ட்டி சட்டம் பேசுகிறார். "கையத் தூக்குமா. அப்பல்லாம் இருபத்தொரு வயசு ஆவணும். இப்ப பதினெட்டு ஆனாலே பாதுகாப்பு உத்தரவுக்கு நீயே மனு போடலாம் லா. மூச்ச இழுக்காத, அளவு தப்பிடும்."

தேக்கா நிலையச் சந்தையின் மாடியில் சின்னத் தையல் கடை. அளவெடுக்கும் மூலையைச் சுற்றி ஒரு பூப்போட்ட திரை. குடும்ப வன்முறைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, தானே நாடாளுமன்றத்தில் கை தூக்கி நிறைவேற்றியதுபோல் ஆன்ட்டிக்கு ஒரு மிதப்பு. "அடிச்சாத்தான் கேஸா? ஃபோனப் புடுங்கி வச்சிக்கிறது, வெளிய விடாம மெரட்டுறது, எல்லாமே வன்முறைல சேத்தி." ஓய்வுபெற்ற தலைமையாசிரியையைக்கூட விடமாட்டார். "வீட்ல ஓகேவா டீச்சர்?"

ஒருமுறை அலமாரிக் கதவில் இடித்து என் முழங்கை கன்றிப்போயிருந்தது. அரை மணி நேரம் குறுக்கு விசாரணை. என் கணவரோ கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவர். இன்றுவரை அவர் கடைப்பக்கம் வந்தால் ஆன்ட்டி கத்திரியைக் கீழே வைப்பதில்லை.

சொன்ன நாளில் துணி கொடுத்ததாக வரலாறு கிடையாது. தீபாவளிக்குக் கொடுத்த என் ரவிக்கை பொங்கலுக்கு வந்தது. காத்திருப்பவர்களைத் திரைக்குள் உட்கார வைத்து, கொக்கி தைக்கவும் சொல்லிவிடுவார்.

அப்படி நான் தைத்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் உட்லண்ட்ஸிலிருந்து சிவானி அளவு கொடுக்க வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயது. மகளை எங்கும் தனியாக விடாத அப்பா வெளியே நின்றார். அவள் கைப்பேசி அவர் சட்டைப் பையில். அவளுடைய மேல்கையில் விரல் தடங்கள். ஆன்ட்டி கேட்டதும் அவள் துப்பட்டாவை இழுத்து அதை மூடிக்கொண்டாள்; தனக்குத் தெரிந்த சமூகப் பணியாளர் ஒருவரைப் பற்றி ஆன்ட்டி அவள் காதில் போட்டுவைத்தார்.

போன செவ்வாய்க்கிழமையும் நான் திரைக்குள் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்; ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தவள், கண்ணாடியைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். "நீங்க சொன்ன சோஷியல் வொர்க்கர்கிட்ட பேசுறேன் ஆன்ட்டி. வெளிய எங்கயும் போக முடியாது. இங்க வருவாங்களா?"

குடும்பச் சேவை நிலையத்தில் வேலை பார்க்கும் நிரஞ்சனாவுக்கு ஆன்ட்டி உடனே செய்தி அனுப்பினார். வியாழக்கிழமைதான் முடியும், அளவு கொடுப்பவர்போலத் திரைக்குள் வந்துவிடுகிறேன் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை சிவானி மறுபடி இங்கே வர என்ன சாக்கு? ஆன்ட்டி அன்றைக்கென்று பார்த்து, அதிசயமாகச் சொன்ன நாளில் தைத்து முடித்திருந்தார். கச்சிதமான ரவிக்கை, எங்கும் ஒரு சுருக்கம் இல்லை.

"முடிஞ்சிருச்சா? சனிக்கிழம கல்யாணத்துக்குப் போவணும்," என்று வெளியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

சிவானி ரவிக்கையைக் கழற்றி நீட்டினாள். ஆன்ட்டி அதை ஒருமுறை நீவிப் பார்த்தார். பிளேடை எடுத்தார். பக்கத் தையலை அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பில் பிரித்தார். திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி, பிரிந்த துணியை அப்பாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ரொம்ப இறுக்குது லா. வியாழக்கிழம புள்ளைய கூட்டிட்டு வாங்க."