இருபத்து நாலு மைலுக்கு ஒரு தோல் துண்டு

1942 அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, விழுப்புரத்திலிருந்து சகலையின் கடிதம் வந்தது. அவர் ரயில்வேயில் கார்டு. திருச்சிராப்பள்ளிக்கு மாற்றலாகிவிட்டது, முப்பத்தோராம் தேதி சாயந்திர வண்டியில் குடும்பத்தோடு புறப்படுகிறோம் என்று எழுதியிருந்தார். கடைசி இரண்டு வரிகள் என் மனைவியைப் பற்றியவை. அதற்குள் நான் போய் அழைத்துக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் அவளும் அவர்களோடு திருச்சிக்கே வந்துவிடட்டும், அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்த வருஷம் மே மாதம் அவள் தன் அக்காள் மகள் மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்காக விழுப்புரம் போனாள். நாலு நாளில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மூன்றாம் நாள் அந்த வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஐந்து மாதமாக அங்கேயே படுக்கை. செப்டம்பர் கடைசியில் டாக்டர், "வீட்டுக்குப் போகலாம், ஆனால் குதிரை வண்டியின் குலுக்கல் ஆகாது, ரயில் படி ஏறக் கூடாது. படுத்தவாக்கில் காரில் மெதுவாகக் கொண்டுபோங்கள். உங்களிடம்தான் கார் இருக்கிறதே" என்றார்.

கார் இருந்தது. ஓடவில்லை.

நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். திண்டிவனத்தில் வீடு. கிராமம் கிராமமாகப் போய் பிறந்த தேதி கேட்பதுதான் பாதித் தொழில். "பெரிய புயல் அடிச்ச வருசம், கேப்பை அறுப்பு சமயம்" என்று சொல்வார்கள். அதை நான் ஒரு தேதியாக்க வேண்டும். அதற்காகவே 1938-இல், ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அந்தப் பழைய நாலு சிலிண்டர் காரை வாங்கினேன். செப்டம்பர் பதினேழாம் தேதி கண்டாச்சிபுரத்திலிருந்து வரும்போது இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. மேட்டில் ஏறும்போது அதிகமாயிற்று. வீட்டுக்கு வந்து நிறுத்தியதோடு சரி.

பஸ்களுக்கு ரிப்பேர் பார்க்கும் ஷெட் ஒன்று ஸ்டேஷன் போகும் வழியில் இருந்தது. அதன் மேஸ்திரி வந்து பார்த்தார். கைப்பிடியால் இஞ்சினைச் சுற்றச் சொல்லி, காதை வைத்துக் கேட்டார்.

"பேரிங் பூட்ச்சு சார். உள்ள இருக்கற ஈயம் உருகிப் போயிருக்கும். பிஸ்டன் ராடைக் கழட்டி மெட்ராசுக்கு அனுப்பி புது ஈயம் ஊத்திக்கினு வரணும்."

"எத்தனை நாளாகும்?"

"முன்னாடின்னா பத்து நாளு. இப்ப சண்டை நடக்கற காலம், நாள்கணக்கு இன்னா சொல்றது? என் கையில ரெண்டு பஸ்ஸு, பெட்ரோலுக்குப் பதிலா கரியில ஓட்ட அடுப்பு மாட்டறதுக்கு நிக்குது. தீபாவளி போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

இதெல்லாம் செப்டம்பரில் நடந்த பேச்சு. அப்போது அவசரம் இல்லை என்று விட்டுவிட்டேன். கடிதம் வந்த பிறகு மறுபடி ஷெட்டுக்குப் போனேன். அவர் பதில் மாறவில்லை. ஆனால், போகிற போக்கில் ஒன்று சொன்னார். பாதி வழியில் பேரிங் போன ஒரு லாரி டிரைவர், தன் இடுப்புத் தோல் பெல்ட்டை அறுத்து ஈயம் இருந்த இடத்தில் வைத்து முடுக்கி, ஐம்பது மைல் ஓட்டி ஊர் வந்து சேர்ந்தானாம்.

"நான் செய்யலாமா?" என்றேன்.

"செய்யலாம். ஆனா கெட்டுதுன்னா உள்ள சுத்தற தண்டு கீறிடும். தண்டு கீறிச்சுன்னா வண்டியை இரும்புக் கடையில எடை போட வேண்டியதுதான். அப்புறம் என்னைப் பேஜாரு பண்ணக் கூடாது."

அன்றும் மறுநாளும் யோசித்தேன். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, லாபம் ஒரு பக்கம், நஷ்டம் ஒரு பக்கமாக எழுதினேன். நான் அதற்கு முன் பிளக்கைத் துடைத்திருக்கிறேன், டயர் மாற்றியிருக்கிறேன், ஒரு முறை விசிறிப் பட்டை போட்டிருக்கிறேன், அவ்வளவே. இஞ்சினின் அடிவயிற்றைத் திறந்ததில்லை. வண்டியோடு வந்த கையேட்டை அந்த இரண்டு நாளில் மூன்று முறை படித்தேன். கார் போய்விட்டால் என் தொழிலும் போகும். போகாமல் காப்பாற்றி வைத்தால், வாசலில் அது நிற்கும், அவள் திருச்சிக்குப் போய்விடுவாள். இருபத்து நாலு மைலில் இருந்தபோதே மாதத்துக்கு இரண்டு தடவைதான் போய்ப் பார்த்தேன். திருச்சிக்கு எத்தனை தடவை போவேன் என்று எனக்குத் தெரியும்.

ஊரில் ஒரு வக்கீலிடம் நல்ல கார் இருந்தது. எனக்குத் தெரிந்தவர்தான். ஒரு நாளுக்குக் கேட்டிருந்தால் டிரைவரோடு கொடுத்திருப்பார். அந்தத் தாளில் அவர் பெயரை நான் எழுதவே இல்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதை ஒரு நல்ல குணமாக நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தீர்மானித்தேன். மேஸ்திரி ஸ்பேனர் பெட்டியை இரவல் கொடுத்தார். வியாழனும் வெள்ளியும் காரை மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்துவதிலேயே போயின. சனிக்கிழமை காலை காரின் அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஆயிலை வடித்தேன். இஞ்சினின் அடியில் மாட்டியிருக்கும் ஆயில் பாத்திரத்தைக் கழற்றி இறக்கினேன். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி, எங்கிருந்து எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று மேலே எழுதினேன். பகல் முழுவதும் யாரும் வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சமையல் நானே என்பதால் அன்று சமையலும் இல்லை. மூன்றாவது சிலிண்டரின் ராடு மூடியில் ஒரு நட்டைக் கழற்றி, இரண்டாவதற்கு ஸ்பேனரை வைத்தபோது, முகத்துக்கு நேரே இரண்டு கால்கள் வந்து நின்றன. மேஸ்திரி.

"சார், பெட்டியைக் குடுங்க."

"இப்பவா? பாதியில இருக்கேனே."

"நாளைக்கு ஆயுத பூசை சார். எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சு வரிசையா அடுக்கணும். ஒரு ஸ்பேனர் கொறைஞ்சாலும் எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

நான் காரின் அடியிலிருந்து வெளியே வந்தேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. என் வீட்டுச் சுவரில் தொங்கியது மாதா கோயில் காலண்டர். அதில் அக்டோபர் என்றால் செபமாலை மாதம். புனிதர்களின் நாள் எல்லாம் இருக்கும், வெள்ளிக்கிழமைகளில் புலால் கூடாது என்பதற்கு மீன் படம் இருக்கும். ஆயுத பூஜை இராது. முப்பத்தோராம் தேதி வரைக்குமான பத்தொன்பது நாளையும் நான் அதில்தான் எண்ணியிருந்தேன்.

"இன்னா சார், ஊரு ஒலகத்துக்கே தேதி கேட்டு எழுதறீங்க, இது ஒண்ணை எழுதலியா?" என்று சிரித்தார். கோபிக்க முடியாத சிரிப்பு. "ரெண்டு நாளு தொடக் கூடாது. செவ்வாக்கெழம வந்து எடுத்துக்கினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டுக் கோயிலிலிருந்து நடந்து வந்தேன். வழியெல்லாம் வண்டிகளுக்கு வாழைக்கன்றும் சந்தனமும் வைத்திருந்தார்கள். தையல் மெஷினுக்குக்கூட மாலை. ஒவ்வொரு வாசலிலும் பொரியும் கடலையும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். என் வாசலில் கார் நாலு கட்டையின் மேல் வயிறு திறந்து நின்றது. மேலே ஒரு கோணியைப் போர்த்திவிட்டு உள்ளே போனேன். அந்த இரண்டு நாளும் நான் யாருடனும் பேசியதாக என் நாட்குறிப்பில் இல்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டி கிடைக்கவில்லை. பூஜை முடிந்து முதல் வேலை பஸ்ஸுக்குத்தான் என்றார். வெள்ளிக்கிழமைதான் கொடுத்தார். அன்றே ராடு மூடியைக் கழற்றினேன். ஈயம் பொடிப்பொடியாகப் போயிருந்தது. தண்டை விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல அருகில் ஆள் இல்லை.

தோலுக்கு, மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் தோல் பை தைக்கிறவர் ஒருவரைத் தேடிப் போனேன். நல்ல எருமைத் தோல் ஒரு சாண் வேண்டும் என்றேன்.

"எந்தக் கெணத்துக்குங்க?"

"கிணத்துக்கு இல்ல, காருக்கு."

"காரு தண்ணி எறைக்கப் போவுதுங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால், மடித்தால் வெடிக்காத துண்டாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தார்.

முதல் துண்டு தடித்துவிட்டது. முடுக்கினால் தண்டு சுற்றவில்லை. கண்ணாடிச் சில்லால் சுரண்டி மெல்லிதாக்கினேன். இரண்டாவது தளர்ந்தது. மூன்றாவதை ஒரு நாள் விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினேன். நடுவில் இரண்டு நாள் மழை. முப்பதாம் தேதி மாலை நாலரை மணிக்குக் கைப்பிடியைச் சுற்றினேன். இஞ்சின் எடுத்துக்கொண்டது. தட்டும் சத்தம் இல்லை. டிரைவர் பக்கத்து ஸீட்டைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து முன்வரை அவள் கால் நீட்டும்படி பஞ்சு மெத்தையை விரித்தேன்.

மறுநாள், சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகாமல், விக்கிரவாண்டியில் கால் மணி நேரம் இஞ்சினை ஆறவிட்டு, பத்து மணிக்கு விழுப்புரம் சேர்ந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் சாமான் எல்லாம் மூட்டையாகிவிட்டிருந்தது. கைவைத்த நாற்காலியில் அவள் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"தெருவுல திரும்பறப்பவே கேட்டுது. நம்ம வண்டிதான்னு அக்காகிட்ட சொன்னேன்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், தண்டு, மூன்று தோல் துண்டுகள். மெத்தையைப் பற்றியும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "வீட்டுல யாரு இருக்காங்க?" என்றாள்.

"யாரு? நான்தான்."

"என்னைத் தூக்கி உட்கார வைக்கணும். புடவை மாத்தணும். பின்பக்கம் கூட்டிக்கினு போகணும். அக்காவும் அவங்க மாமியாரும் ரெண்டு பேர் பிடிச்சாத்தான் முடியுது. நீங்க கண்டாச்சிபுரம் போயிட்டா ராத்திரிதானே வருவீங்க? ஒரு பொம்பளையைப் பார்த்து வெச்சிருக்கீங்களா?"

அக்காள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "பத்தொம்போது நாளு இருந்துதே தம்பி" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் உள்ளே போனாள்.

சகலைதான் பேச்சை இலேசாக்கப் பார்த்தார். "விடுங்க சகலை, இஞ்சினுக்கு ஆள் வேணாம்னு நீங்களே பார்த்துட்டீங்க. மனுசிக்கு ஆள் வேணுமில்ல?"

சாயந்திரத்துக்குள் ஒரு ஆளைப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது. திண்டிவனத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"நடக்க ஆரம்பிச்சதும் நானே வந்துடறேன். நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் அவள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

சாயந்திரம் அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகக் கார் உதவியது. அரை மைல் இருக்கும். மெத்தையில் படுத்துக்கொண்டு, "ஆட்டமே இல்ல, நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். நான் இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

பிளாட்பாரத்தில் சகலை போர்ட்டர்களைக் கூப்பிட்டார். அவளைச் சாமானோடு வந்த கைவைத்த நாற்காலியிலேயே உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றுவதாக ஏற்பாடு. அவள் படி ஏற வேண்டியதில்லை, குலுங்க வேண்டியதில்லை. இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார்கள். அவள் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையைச் சரிசெய்தாள். நானும் ஓடிப் போய்க் குனிந்து, நாற்காலியின் எந்தக் காலைப் பிடிப்பது என்று பார்த்தேன். நாலு காலுக்கும் ஆள் இருந்தது.