பூநாரையின் இன்னொரு கால்

லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் ஷஃபியுல்லா பாய் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறார்.

"வர்ற வழியில ரோட்டோரம் மாடுங்க பட்த்துகினு இருந்துச்சே, எந்தப் பக்கம் மூஞ்ச வச்சிகினு இருந்துச்சு?"

டிரைவர் முழிக்கிறார். "எதுக்கு பாய்?"

"எதுக்குன்னு சொன்னா நீ பாத்தது மாறிப்பூடும். பாத்தத மட்டும் சொல்லு."

"மூஞ்ச எவன் பாத்தான்? ஹாரன் அடிச்சேன், எழுந்துக்கல. அவ்ளோதான்" என்று எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு டிரைவர் போய்விடுகிறார். பாய் கோபப்படுவதில்லை. அடுத்த லாரி வந்துவிடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் எடைமேடைக்கு அவர்தான் பொறுப்பு. கேட்டுக்கு எதிரே என் டீக்கடை. பாய் நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி. புருவத்தில் எப்போதும் இரும்புத் தூள். கழுத்தில் தாயத்து மாதிரி கறுப்புக் கயிற்றில் தொங்குவது பென்டிரைவ். டீ குடிக்க வந்தால் உட்கார மாட்டார். ஒரு கையில் கிளாஸ், மறு கையின் விரலை எங்கேயாவது நீட்டி, கடை நாய் அந்தப் பக்கம் பார்க்கிறதா என்று கவனிப்பார். நாய் முதலில் விரலைப் பார்க்கும். பிறகு விரல் காட்டும் இடத்தைப் பார்க்கும். அவர் முகம் மலர்ந்துவிடும். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

இணையத்தில் அவர் ஒரு வலைப்பூ எழுதுகிறார். அதன் பெயரும் 'எடைமேடை'தான். மிருகங்களும் பறவைகளும் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கின்றன என்று உலகத்தில் எங்கெங்கோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். மாடு படுத்தால் வடக்கு தெற்காகத்தான் படுக்கும் என்பதுகூட அதில் ஒன்று. அந்தச் செய்திகளைப் பிரவுசிங் சென்டரிலிருந்து பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வருவார். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் படித்துத் தமிழில் தட்டி வைப்பார். வேலை முடிந்து ஊருக்குப் போனதும் அதே பிரவுசிங் சென்டரில் ஏற்றிவிடுவார்.

தொழிலின் முறையையே எழுத்துக்கும் வைத்திருக்கிறார். லாரியை முதலில் சரக்கோடு எடை போடுவார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் லாரியை எடை போடுவார்கள். கழித்தால் நிற்பதுதான் சரக்கு. "நாய்க்கு மனுஷன் மனசு தெரியும்னு பேப்பர்ல கொட்ட எழுத்துல போட்டுக்கிறான் மேரியக்கா. லாரிய கழிச்சா இன்னா நிக்குது? வெரலு காட்டுனா அந்தப் பக்கம் பாக்குது. அவ்ளோதான் சரக்கு. ஆனா அதுவே எவ்ளோ பெரிய விஷயம், யோசிச்சுப் பாரு!" ஐந்தாவதோடு நின்ற எனக்கு அவர் படித்துக் காட்டினால்தான் உண்டு. ஆண்டவர் இத்தனை உயிர்களைப் படைத்து, ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் ஒரு யோசனையை வைத்திருக்கிறார் என்று கேட்கக் கேட்க மனசு பஞ்சு மாதிரி மிதக்கும். பால் பொங்கி அடுப்பில் வழிவதுகூடத் தெரியாது.

படிக்கிறவர்கள் அடியில் எழுதும் பின்னூட்டங்களையும் படித்துக் காட்டுவார். பதிவு வந்தவுடன் ஒருவர் 'மீ த பர்ஸ்ட்டு' என்று எழுதிவிட்டுப் போவார். பந்தியில் முதல் இலை பிடித்த திருப்தி அவருக்கு; பதிவைப் படித்திருக்க மாட்டார். பெயர் சொல்லாத 'அனானி' ஒருவர் வந்து, முதலில் உன் கம்பெனி புகையைப் பற்றி எழுதுடா என்று திட்டுவார். பாய் அவருக்கும் 'வருகைக்கு நன்றி' என்றுதான் பதில் போடுவார். "திட்றதுக்குன்னாலும் முழுசா படிச்சிக்கிறான்ல?"

கேட் வாட்ச்மேன் பூவராகவனுக்கு இதெல்லாம் நல்ல தமாஷ். "இன்னா பாய், இன்னிக்கு எறும்புக்கு ஜொரமா? கரப்பான் எதுனா கஷ்டம் சொல்லிச்சா?"

"சிரி நைனா, சிரி. கிச்சுக்கிச்சு மூட்டுனா எலிகூட சிரிக்குதாம். நாளைக்கு அதான் போடப்போறேன்."

பாய்க்குச் சொந்த ஊர் பழவேற்காடு. மழை முடிந்தால் அங்கே ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கும். தூரத்தில் பறவை என்றே தோன்றாது. தண்ணீரின் மேல் யாரோ ரோஸ் பவுடரை ஊதிவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பறவை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்பதற்கு ஒரு செய்தி வந்தது. தண்ணீரில் நிற்கும்போது உடம்புச் சூடு கால் வழியாக இறங்கிவிடுகிறது. ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டால் அவ்வளவு சூடு மிச்சம் என்று வெளிநாட்டில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க ஏரித் தண்ணி மத்தியானத்துல டீ கணக்கா இருக்கும்கா. அதுலயும் ஒத்தக் கால்லதான் நிக்குது. சின்ன வயசுலருந்து பாக்குறேன்." அப்படியே எழுதியும் விட்டார்.

வெளிநாட்டிலிருக்கும் வாசகர் ஒருவர் அந்தப் பதிவை ஆங்கிலத்தில் மாற்றி, பூநாரைகளையே ஆராய்கிற ஒரு அம்மாளுக்குக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாளிடமிருந்து பாய்க்கு மெயில் வந்தது. இது உண்மையானால் நாங்கள் சொன்னதைத் திருத்த வேண்டிவரும், இன்னொரு முறை நன்றாகப் பார்த்து எழுதுங்கள், எங்கள் கட்டுரையில் பார்த்தவர் பெயரைப் போடுவோம் என்று இருந்தது.

அன்றைக்கு பாய் டீயை நடந்துகொண்டே குடித்தார். "புக்குல பேரு வரும்கா. ஆராய்ச்சி புக்குல. எங்க வாப்பா எனக்கு வச்ச பேரு." பழவேற்காடு கடைத்தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. தொழுகைக்குப் போனால், பேர் எப்போது வருகிறது என்று செருப்பைக் கழற்றும் இடத்திலேயே விசாரிக்கிறார்களாம்.

ஆனால் தான் பார்க்க மாட்டேன் என்றார் பாய். "எனக்கு ஒத்தக் காலு வேணும்கா. வேணும்னு நெனச்சிகினு பாத்தா கண்ணு அதத்தான் காட்டும். ஒண்ணும் தெரியாத ஆளு பாக்கணும்."

அப்படி அவர் தேர்ந்தெடுத்த ஆள் பூவராகவன். பாயின் பேர் எதிலோ வரப்போகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பூநாரையின் காலைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் பழவேற்காடு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். பாய் வீட்டு மீன்குழம்புக்கு ஆசைப்பட்டுப் பூவராகவனும் அதே பஸ்ஸில் வந்தார். பாயின் மனைவி ஹுமைரா இலை நிறையப் போட்டு, "எந்தக் குருவி புண்ணியத்துலயோ ஊட்டுக்கு நாலு பேரு வர்றாங்க" என்றார். வெயில் உச்சிக்கு வந்ததும் பாய் எங்களை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்.

காற்று இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாக உருகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்துப் படகு ஒன்று ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் பூநாரைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் நிற்பதும் அவற்றின் தூக்கத்துக்குள் எங்கேயோதான் என்று எனக்குத் தோன்றியது. கேட்டில் சத்தம் போட்டே பழகிய பூவராகவன்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பர்மா பஜாரில் வாங்கிய பைனாகுலரை அவரிடம் கொடுத்துவிட்டு, பாய் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"எப்டி நிக்குதுங்க நைனா?"

"எப்டி நிக்கும்? நின்னுகினுதான் நிக்கும்."

"பாக்குறத அப்டியே சொல்லு. அவசரமில்ல."

பூவராகவன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பார்த்தார். "கழுத்த முதுவுல சொருவிகினு தூங்குது. ரெண்டு காலையும் ஊனிகினு நிக்குதுங்க. அங்கங்க ஒண்ணு ரெண்டு மட்டும் ஒத்தக் கால்ல நிக்குது. முள்ளு கிள்ளு குத்திச்சோ இன்னாவோ, பாவம்."

நன்றாகப் பார்த்தாயா என்று கேட்கத்தான் பாய் வாயைத் திறந்தார். கேட்கவில்லை. திரும்பிப் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

"ஆமா" என்றார். "ஒத்தக் கால்ல நிக்கிறதுதான் கண்ணுல வுழுது. ரெண்டு கால்ல நிக்கிறத எவன் பாக்குறான்? நானும் பாக்கல. இத்தினி வருஷமா."

விஷயத்தை அப்போதுதான் பூவராகவனுக்குச் சொன்னார். அவர் பதறிப்போனார். "அட இன்னா பாய் நீ! மொதல்லியே சொல்லியிருந்தா எல்லாத்தையும் ஒத்தக் கால்ல நிக்க வச்சிருப்பேனே! இப்ப இன்னா, ஒத்தக் காலுன்னே எழுதிடு. அந்தம்மா ஏரோப்ளேன் ஏறி வந்து கால எண்ணப் போவுதா? பேரு வருது, உட்டுடுவியா?"

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறவர் மாதிரி உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "சூடாத்தான் கீது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அங்கிருந்து நேராகப் பிரவுசிங் சென்டர். கடைத்தெருவில் ஒருவர், "பாய், பேரு எப்ப வருது?" என்று கூப்பிட்டுக் கேட்டார். பாய் கையை மட்டும் அசைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு விரலால் ஆங்கிலத்தில் தட்டினார். தட்டத் தட்ட எங்களுக்குத் தமிழில் சொன்னார். நான் எழுதியது தவறு. நடுப்பகலில், சூடான தண்ணீரில், பெரும்பாலான பறவைகள் இரண்டு காலில்தான் நிற்கின்றன. உங்கள் கட்டுரையைத் திருத்த வேண்டாம்.

"போச்சு. பேரு போச்சு" என்று பூவராகவன் முணுமுணுத்தார்.

பாயின் விரல் கடைசி வரியில் நின்றது. பார்த்தவர் என்று தட்டியிருந்தார். பக்கத்தில் காலியாக இருந்தது. விரலை எடுக்காமலே நாற்காலியில் திரும்பிப் பூவராகவனைப் பார்த்தார்.

"உன் இனிஷியல் இன்னா நைனா?"