ஆறு பற்றரியும் அரிசிமா டின்னும்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையில் மேசை ஒன்றுதான். சாப்பாடு, சவரம், இசைக்கருவி எல்லாம் அதன்மேல்தான். ஸ்பீக்கர் எரிந்துபோன பழைய கீபோர்ட் ஒன்று கிடைத்திருந்தது. எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற செய்தியை மட்டும் அது மிடி வயரில் அனுப்பும், சத்தம் வராது. அந்தச் செய்தியைச் சத்தமாக்க நாலு சிப்புகளையும் வேறொரு சின்ன ஸ்பீக்கரையும் ஒரு தட்டில் ஈயம் வைத்து ஒட்டினேன். அறுபத்துமூன்று ஒட்டு. ஒருதரம் அறுபத்திரண்டு வந்ததால் முதலிலிருந்து எண்ணினேன். மின்வெட்டுக் காலம், தட்டும் கீபோர்ட்டுக்குள் இருந்த ஆறு பற்றரியில்தான் ஓடியது. ஒரு குறைதான்: விரலை எடுத்த செய்தி சிலவேளை வழியில் தொலைந்துபோகும். பிறகு சத்தம் நிற்காது.

ஒரு ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வீடுவீடாகச் சோதனை. வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். யுத்தத்தால் அங்கே பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். இங்கே முன்கடையில் முட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அது அவருக்குத் தெரியும். அவருடைய கைக்குத்தான் தெரியாது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கீபோர்ட்டைக் கவிழ்த்து ஆறையும் கழற்றிவிட்டார். வயர் பின்னிக்கிடந்த தட்டை மேசையில் அப்படியே விட்டுவிட்டார்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்றார் உள்ளே வந்த சார்ஜன்ட், தட்டைக் காட்டி.

ஓர்கன் என்றேன். அப்படியானால் வாசி, வாசிக்காவிட்டால் இதையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா என்றார் சிங்களத்தில். கட்டையை அழுத்தினேன். மூச்சே இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். பற்றரி வைக்கும் இடம் வெறுமை.

"அக்கா, பற்றரி எடுத்தனீங்களோ?"

"என்ன பற்றரி? பெட்டரி நே மாத்தயா, நே." பின்னது சார்ஜன்டுக்கு, சிங்களத்தில்: பற்றரி இல்லை ஐயா, இல்லை.

"இது பாடாட்டி என்னைக் கொண்டுபோவினம்."

"பற்றரியோட கண்டா என்னையும் சேர்த்துக் கொண்டுபோவினம்."

எங்கள் தமிழில் சார்ஜன்டுக்குப் பற்றரி என்ற சொல் மட்டும் விளங்கியது. தன் டோர்ச்சைத் திறந்து உள்ளிருந்ததை நீட்டினார். இரண்டு. எனக்கு ஆறு வேண்டும் என்றேன். அக்கா பொலிஸ்காரர் கையில் இருந்த பற்றரிகளை நம்பாமல் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய் அரிசிமா டின்னோடு வந்தார். மாவுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன.

"ஐஞ்சுதான் இருக்கு, அக்கா."

"ஐஞ்சு காணாதே?"

"காணாது. ஆறும் வேணும்."

சேலைத் தலைப்பு முடிச்சிலிருந்து ஆறாவது வந்தது. ஆறையும் பொருத்தினேன்.

கட்டையை அழுத்தினேன். மா பறந்தது. காலி வீதித் தனியார் பஸ்ஸின் ஹோர்ன் போல ஒரு சத்தம். விரலை எடுத்தேன். சத்தம் தொடர்ந்தது. சார்ஜன்ட் போதும் என்று கையைக் காட்டினார். அழுத்துவது நானில்லை என்று இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினேன். அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, எதிர்வீட்டைச் சோதிக்காமலே ஜீப்பில் ஏறினார்.

வேறு வழி தெரியாமல் பற்றரிகளைக் கழற்றி மேசையில் வைத்தேன். சத்தம் நின்றது. எண்ணினேன். ஐந்து.

"ஒண்டாவது பத்திரமா இருக்கட்டும் தம்பி," என்று அக்கா மா டின்னை மூடினார்.