கறன்ற் வராத ஒழுங்கையில் ஓர் அன்ரெனா

மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த தில்லைநாதன், மாங்குளத்தில் வாங்கியிருந்த வளவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு ரெலிவிசன் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியபோது, அவருடைய மனைவி சிவனேஸ்வரி ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"இதை என்னத்திலை கொளுவப் போறியள்?"

அவர்களுடைய ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, இன்னும் கறன்ற் வந்திருக்கவில்லை; மின்கம்பமே கிடையாது. போதாக்குறைக்கு, அந்த அறுபத்தாறாம் ஆண்டில் இலங்கையிலேயே ரெலிவிசன் நிலையம் என்று ஒன்று கிடையாது. இரண்டும் தில்லைநாதனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பெட்டியைக் கப்பலில் ஏற்றியிருந்தார்.

"கறன்ற் வரும். நிலையமும் வரும். வாற அண்டைக்கு நாங்கள் ஆயத்தமாய் இருக்க வேணும்."

பெட்டி அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் ஏறியது. சிவனேஸ்வரி பழைய சீலையொன்றைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டாள். அத்தோடு விசயம் முடிந்தது என்று நினைத்தாள்.

மனிதரை அவளுக்குத் தெரியாததல்ல. ரயிலுக்குப் போவதென்றால் ஒரு மணித்தியாலம் முந்தியே மேடையில் போய் நிற்கிறவர். வரவேண்டியது ஏதாவது ஒன்று இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பென்சன் எடுத்த பிறகு ஒன்றும் வருவதாக இல்லை. நாள்தோறும் பின்னேரம் மாங்குளம் ஸ்ரேசனுக்கு நடந்துபோய், யாழ்தேவி பிந்தி வருவதைப் பார்த்து, கோபத்தோடு திரும்பி வருவார். அந்த ரயிலில் அவருக்குத் தெரிந்தவர் எவரும் வந்து இறங்குவதில்லை. ஆனாலும் பிந்தினால் அவருக்குப் பொறுக்காது.

ஒருநாள் காலை, கப்பலில் வந்த நீளப் பெட்டியைத் திறந்து, அலுமினியத் தடிகளை முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பினார். அதுதான் அன்ரெனா என்றார். றேடியோவுக்கு ஏரியல் மாதிரி, ரெலிவிசனுக்கு இது.

"பெட்டியே வேலை செய்யாது. இது என்னத்துக்கு?"

"மற்றதெல்லாம் அரசாங்கத்து ஆக்கள் செய்ய வேண்டியது. இது நாங்கள் செய்ய வேண்டியது," என்றார் தில்லைநாதன்.

சிவனேஸ்வரி அதைக் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்தாள். எங்கேயோ பிழை இருந்தது. எங்கே என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கோலாலம்பூரில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சீனக்காரர், காற்றடிக்கிற நாளொன்றில் அன்ரெனா பூட்டப்போய், கூரையிலிருந்து கம்பத்தோடு கோழிக்கூட்டின் மேல் விழுந்தவர். அதை நேரே கண்ட நாளிலிருந்து தில்லைநாதனுக்கு இந்த வேலையின் ஆபத்தெல்லாம் மனப்பாடம். ஈரத்தில் ஏறக்கூடாது. காற்றில் ஏறக்கூடாது. எல்லாவற்றையும் நிலத்தில் வைத்தே பொருத்திப் பூட்டிவிட வேணும். முக்கியமாக, கம்பம் எந்தப் பக்கம் சரிந்தாலும் கறன்ற் கம்பியில் முட்டாத இடமாக இருக்க வேணும்.

ஆகையால் முதலில் வளவைச் சுற்றி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு ஒழுங்கை முழுவதும் நடந்தார். பெரிய ரோட்டு வரைக்கும் போனார். வியர்த்து ஒழுகத் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"ஒரு கம்பியும் இல்லை. நல்ல பாதுகாப்பான இடம்."

"கம்பி இருந்தால்தானே இது வேலை செய்யும்?" என்றாள் சிவனேஸ்வரி.

"அது வேறை கதை."

சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சரீப், கிணற்றுக்குப் போடுகிற நீளக் குழாயொன்றை வண்டிலில் ஏற்றிக்கொண்டு தானே வந்தார். முல்லைத்தீவுக்காரர். முற்றத்தில் பூட்டிக் கிடந்த அன்ரெனாவைச் சுற்றிவந்து பார்த்தார். பின்னால் நீளத் தடி, முன்னால் போகப்போகக் கட்டைத் தடிகள், நடுவே ஒரு தண்டு.

"பெரிய மீனொண்டைத் திண்டுபோட்டு முள்ளை மட்டும் வச்ச மாதிரி இருக்கு ஐயா. இதிலை என்ன தெரியும்?"

"இதிலை தெரியாது சரீப் நானா. பெட்டியிலைதான் தெரியும்."

"பெட்டியிலை இப்ப என்ன தெரியுது?"

"இப்ப ஒண்டும் இல்லை."

சரீப் தலையாட்டினார். நல்ல வியாபாரி. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த சிக்கல், முள்ளின் தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது. நிலையம் இருக்கிற பக்கம் திருப்ப வேணும் என்றார் தில்லைநாதன். இல்லாத நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் கருத்து வேற்றுமை வந்தது. பக்கத்து வளவு நடராசா, வயல் செய்கிற கமக்காரர், யாழ்ப்பாணப் பக்கம் என்றார். நல்லதெல்லாம் அங்கேதான் முதலில் வருமாம். சரீப் கொழும்பு என்றார். தில்லைநாதன் ஸ்ரேசன்வரை போய், தண்டவாளம் கொழும்புக்குப் போகிற திசைக்குக் கையை நீட்டிப் பிடித்தபடியே வீதியால் நடந்து வந்தார். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி வழிவிட்டார்கள்.

கம்பம் நடுகிற நாளும் வந்தது. காற்றில்லை. முருங்கை இலைகூட அசையவில்லை. தில்லைநாதன் றப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, கம்பம் விழுந்தால் எட்டக்கூடிய தூரத்தைக் கணக்குப் பார்த்து, முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு பெரிய வட்டம் கீறினார்.

"ஒருத்தரும் இதுக்குள்ளை வரக்கூடாது," என்றார்.

உதவிக்கு வந்த ஆறேழு பேரும் வட்டத்துக்கு வெளியே போய் மரியாதையாக நின்றார்கள். தில்லைநாதன் உள்ளே தனியாகக் கம்பத்தைத் தூக்கினார். முழங்கால்வரை வந்தது. இறக்கிவைத்தார். மறுபடியும் தூக்கினார். வெளியே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தில்லையண்ணை, நான் ஒரு கை பிடிக்கட்டோ?" என்று நடராசா கேட்டார்.

"கோட்டுக்கு அங்காலை நில்லும் நடராசா. ஆபத்து."

சிவனேஸ்வரி அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து வந்தாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

"இஞ்சரும், நீர் வெளியிலை போம். விழுந்தால் தலையிலை விழும்."

"விழுந்தால் ரெண்டு பேரிலையும் விழட்டும். பிடியுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். மலாயாவுக்குத் தனியாகப் போய், இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் லீவில் வந்துபோன மனிதர். ஒரு சாமானின் இரண்டு தலைப்பையும் இரண்டு பேரும் பிடித்த நாள் இதற்கு முன் எதுவென்று சிவனேஸ்வரிக்கு ஞாபகம் வரவில்லை. கம்பத்தை நிமிர்த்திப் பிடிக்க அதன் மேற்பாதியில் கட்டியிருந்த இழுகம்பி மூன்றையும் வெளியே நின்றவர்களிடம் எறிந்து, கோட்டுக்கு அப்பால் நின்றே மூன்று பக்கமும் இழுக்கச் சொன்னாள். கம்பம் ஆடி ஆடி நிமிர்ந்தது. மரமுளைகளில் கம்பிகளை இறுக்கிக் கட்டினார்கள். எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கடைசியாக, இடிக்குப் பாதுகாப்பு. கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பியொன்றைக் கொண்டுபோய், வளவு மூலையில் ஆழ அடித்த செப்புக்கோலில் இணைத்தார். அந்த மண் எப்போதும் ஈரமாக இருக்க வேணும் என்றார். அந்த வருசம் வெயில் எரித்த எரிப்பில் கிணறு அடியைக் காட்டியது. சிவனேஸ்வரி கத்தரிக்கு ஊற்றுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, செப்புக்கோலுக்கு நாளுக்கு ஒரு வாளி ஊற்றினாள். கத்தரி வாடியது. கோல் நன்றாக இருந்தது.

பெட்டிக்குப் போகிற வயரை மட்டும் அவள் உள்ளே விடவில்லை. சுவரில் ஓட்டை போட்டால் பாம்பு வரும் என்றாள். வயர் வெளியே சுருண்டு தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பார்க்க வந்தது. புளியங்குளத்திலிருந்து ஒரு குடும்பம் வண்டில் கட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் இருந்து, அன்ரெனாவை அண்ணாந்து பார்த்தது. தேத்தண்ணி குடித்தது. மறுபடியும் பார்த்தது.

"நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனது.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தில்லைநாதன் எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மாட்டைக் கட்டிவிட்டு ஓடிவந்த நடராசாவும் உள்ளே நின்றார். முழக்கம் ஒன்று விழுந்தது. வீடு முழுவதும் வெள்ளையாய்ப் போய்த் திரும்பி வந்தது. சிவனேஸ்வரியின் காதுக்குள் நெடுநேரம் வண்டு இரைந்தது.

மழை விட்டுப் போய்ப் பார்த்தார்கள். அன்ரெனாவின் இரண்டு தடிகள் நுனியில் உருகி வளைந்திருந்தன. செப்புக்கோலைச் சுற்றி மண் கருகியிருந்தது. வெளியே தொங்கிய வயர் சாம்பலாய்ப் போயிருந்தது. வீட்டுக்கு ஒன்றுமில்லை. சிவனேஸ்வரி சுவரைத் தடவிப் பார்த்தாள். தில்லைநாதன் சாம்பலைப் பார்த்து, ஓட்டை போடாத அந்தச் சுவரைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தார்.

நடராசா பார்த்தது தன் மாட்டுக் கொட்டிலை. போன மாரியில் அவருடைய காளையொன்று இடிவிழுந்து செத்தது. இம்முறை ஒன்றுக்கும் ஒன்றுமில்லை.

"அண்ணை, எனக்கும் இதொண்டு வேணும்."

"இது இடிக்கு இல்லை நடராசா. இது ரெலிவிசனுக்கு. இடி இதைத் தேடி வரவும் கூடும்."

"எனக்கு ரெலிவிசன் வேண்டாம். இதுமட்டும் இருந்தால் காணும்."

எவ்வளவோ விளங்கப்படுத்திப் பார்த்தார். கேட்பதற்கு ஆளில்லை. அடுத்த கிழமை சரீப் கடையில் குழாயும் அலுமினியத் தடியும் வந்து இறங்கின. ஆட்கள் தாங்களாகவே பூட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று தில்லைநாதன் சாப்பிடவில்லை. மறுநாள் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எப்படியும் நடப் போகிறார்கள், ஒழுங்காக நடட்டும் என்றார். வீடு வீடாகப் போய் வட்டம் கீறினார், கோல் அடித்தார், காற்றென்றால் வேலையை நிறுத்தினார். பின்னேரங்களில் ஸ்ரேசனுக்குப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ரயில் பிந்தியதா என்று கேட்பதையும் விட்டுவிட்டார்.

தை மாதம் சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினாள். மாங்குளம் நெருங்கும்போது, எதிர் இருக்கையில் இருந்த, சிங்கப்பூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். மரங்களுக்கு மேலே பதினொரு அன்ரெனாக்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

"அம்மா, இஞ்சை எல்லாற்றை வீட்டிலையும் ரெலிவிசனோ?" என்று அதிசயப்பட்டுக் கேட்டார்.

சிவனேஸ்வரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓம்."

"வடிவாய்த் தெரியுதோ?"

அவள் யன்னலால், நுனி வளைந்து நின்ற தங்கள் அன்ரெனாவைப் பார்த்தாள்.

"மழை நாளிலைதான் கொஞ்சம் கரைச்சல்," என்று சொல்லிவிட்டு இறங்குவதற்கு எழுந்தாள்.