ஜாலான் புசாரில் நின்ற புள்ளி

பின் சீட்டில் கமலம் அம்மா. ஜன்னல் ஓரம் மிஸ்டர் டான். சக்கர நாற்காலியில் ஹமீத் அங்கிள். முன் சீட்டில் லேப்டாப்போடு பிரபு. ஸ்டியரிங்கில் நான்.

ஆக ஐந்து. ஆள் எண்ணாமல் நான் வண்டி எடுப்பதில்லை. டயாலிசிஸ் வேன் ஓட்டுகிறவனுக்கு அது பழக்கம்.

பிரபு எதற்கு வந்தான்? போன வாரம் நடந்ததற்காக.

வேன் எங்கே போகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் ஆப்பில் பார்க்கலாம். அந்த ஆப் பிரபு எழுதியது. போன வாரம் வழியில் ஜாலான் புசார் சாலையில் கமலம் அம்மாவுக்குத் தலை சுற்றியது. ஓரமாக நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். தெளிந்ததும் கிளம்பினோம். ஆனால் அவர் மகள் சாந்தியின் ஐபோனில் வேனைக் காட்டும் புள்ளி அங்கேயே நின்றுவிட்டது. தோ பாயோ டயாலிசிஸ் சென்டருக்கு வந்து சேர்ந்த பிறகும்... ஜாலான் புசார்தான்.

சாந்தி பதறிக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். அம்மாவே போனை வாங்கி, டிராஃபிக் என்றார். நர்ஸிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். மகளிடம் மட்டும் சொல்லாதே தம்பி என்றார் அம்மா.

அன்றிலிருந்து கண்ணாடியில் சாலையை விட அவரைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

புள்ளி ஏன் நின்றது? பிரபுவைக் கேட்டேன். விளக்கினான். என் போனில் இருக்கும் ஆப் ஒரு கணினி மொழியில் எழுதியது, ஐபோனில் இருப்பது வேறு மொழி. நான் இருக்கும் இடம் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த சொட்டு எப்போது வரும்? தெரியாது. அந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். நடுவில் சிக்னல் போனால் இந்த மொழி அலறும். அந்த மொழிக்கு அந்த அலறல் புரியாது – ஆப் மூடிக்கொள்ளும்.

“அதான் அண்ணே, கெட்ட சேதிய அந்தப் பக்கம் விடாம இங்கேயே முழுங்க வச்சேன். அது கடைசியா வந்ததையே காட்டிக்கிட்டு நிக்குது.”

பின்னாலிருந்து ஹமீத் அங்கிள் கேட்டார். “கமலம், இந்த ஆப்ப நீதான் எழுதினியா?”

மிஸ்டர் டானுக்குத் தமிழ் தெரியாது. அவரும் சிரித்தார். கமலம் அம்மா சிரிக்கவில்லை.

பிரபு திருத்திக் காட்டினான். என் போனில் டேட்டாவை அணைத்தான். அவன் ஐபோனில் புள்ளி மறைந்து, ‘தொடர்பு இல்லை’ என்று வந்தது. அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வாரம்.

தோ பாயோவில் எல்லாரையும் இறக்கினேன். கமலம் அம்மாவிடம், சாந்திக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

போன் செய்தேன். போன வாரம் டிராஃபிக் இல்லை, அம்மாவுக்குத் தலை சுற்றியது என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ?

“இருக்கேன் அண்ணே,” என்றாள்.

சிகிச்சை முடிகிற நேரம் சாந்தி சென்டர் வாசலில் நின்றாள். ஆபீஸ் பையோடு.

“வேலை இல்லையா உனக்கு? எதுக்கு லா வந்தே?” என்றார் அம்மா. மகள் கையை மட்டும் விடவில்லை.

பிரபுவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். வண்டி எடுக்கும் முன் எண்ணினேன்.

ஆறு.