இரண்டு கிரெடிட்டுக்கு எங்கள் சந்து

பி.காம். படிக்கிறவளுக்குக் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது, முழு மனுஷியாகவும் ஆக வேண்டும் என்று யாரோ முடிவு செய்த காலத்தில்தான் நான் மாட்டுங்காவில் காலேஜ் சேர்ந்தேன். அதற்கென்றே எல்லாருக்கும் பொதுவாகச் சில பாடங்கள். யோகா, சுற்றுச்சூழல், நன்னெறி. சரி, ஒழியட்டும் என்று படித்தேன். இரண்டாம் வருடத்தில் ‘சமூக ஈடுபாடு’ வந்தது. இரண்டு கிரெடிட். அதில் தேறாவிட்டால், அக்கவுண்ட்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் டிகிரி கையில் வராது.

முதல் வகுப்பில் மேடம் பாடத்தின் நோக்கங்களைத் திரையில் போட்டார். பின்தங்கிய பகுதி மக்களின் வாழ்க்கையை மாணவர் நேரில் அறிவாராம். அவர் மனதில் பரிவு வளருமாம். அதற்குக் கீழே, செல்லும் இடம்: தாராவி. எனக்குப் பின்னால் ஒருத்தன் விசிலடித்தான். அங்கே போட்டோ சூப்பராக வரும் என்றான் இன்னொருத்தன். எனக்கு எரிந்தது. நான் காலையில் பல் தேய்க்கும் இடம் அது.

வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் போனேன். மேடமும் தமிழ்தான், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

“மேடம், என் வீடே தாராவியிலதான். நான் வேற எங்கயாவது போறேனே.”

“நீ தாராவியா? சொல்லவேயில்லையே! பார்த்தா தெரியலையே!”

என்ன தெரிய வேண்டும்? மூஞ்சியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவார்கள்?

“எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா. போறதுக்கு முன்னாடி என்ன நினைச்சேன், போய்ட்டு வந்தப்புறம் மனசு எப்படி மாறித்துன்னு எழுதணும். அவ்வளவுதான்.”

“என் வீட்டுக்கு நான் போய்ட்டு வந்தா எனக்கு என்ன மேடம் மாறும்?”

“ஏதாவது மாறும். திறந்த மனசோட போ.”

நான் தினமும் நடந்து வருகிற தூரத்துக்கு பஸ் பிடித்தார்கள். எல்லார் கழுத்திலும் அட்டை, கையில் ஃபைல். கேள்விகளை மேடமே தயாரித்திருந்தார். வீட்டில் எத்தனை பேர், எந்த வருடத்திலிருந்து இருக்கிறீர்கள், கீழ் ரூமா மாடி ரூமா, லைட் பில் யார் பேரில்? எங்கள் சந்தில் இந்தக் கேள்விகளை ஒரே ஒரு கூட்டம்தான் கேட்கும். ஜோப்படிக் குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லி, யார் யாருக்கு வீடு என்று கணக்கெடுக்கிற கூட்டம். தாராவிக்குப் பரிவோடு வருகிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

நாங்கள் சந்துக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. “சர்வே வாலே ஆ கயே!” சர்வேக்காரர்கள் வந்துவிட்டார்களாம்.

அவ்வளவுதான். தையல் மெஷின்கள் நின்றன. அம்பர்நாத் பேக்டரிக்கு ஷிப்டுக்குப் போன புருஷனுக்கு ஒரு அக்கா போன் போட்டு, லீவு சொல்லிவிட்டுத் திரும்பி வரச் சொன்னாள். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும். ரேஷன் கார்டு, லைட் பில், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். தீப்பிடித்தால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அந்தக் கவர்களோடு எல்லாரும் வெளியே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். என் அம்மாவும் வந்தாள். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுவது அவள் வேலை. தலையெல்லாம் நூலோடு, கவரை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றவள், கழுத்தில் அட்டையோடு என்னைப் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி! ஒன்னையும் இதுல சேத்துருக்காவளா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாட்டி?” என்றவள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். “எம் மவளும் ஆபீசருமாரு கூட வந்துருக்கா, பாருங்க!”

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கீழ் ரூம்காரர்களுக்கு இங்கேயே வீடு, மாடிக்காரர்களை எங்கேயாவது தள்ளிவிடுவார்கள் என்று அப்போது பேச்சு. நாங்கள் மாடி. எதிர்வீட்டு அக்காவும் மாடி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாயி, எங்க ரூமையும் எழுதிரு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

“எக்கா, இது சர்வே இல்லக்கா. எங்க காலேஜ் பாடம். மார்க்குக்காக வந்திருக்கோம்.”

“மார்க்குக்கா?” என்றாள் அம்மா. “அப்பொ ஜெராக்ஸ எதுக்கு வாங்குதாவ?”

திரும்பிப் பார்த்தேன். என் வகுப்புத் தோழர்கள் நீட்டியதையெல்லாம் வாங்கி ஃபைலில் செருகிக்கொண்டிருந்தார்கள். நான் தடுப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள்.

எங்கள் பகுதியில் முன்பின் தெரியாதவன் கையில் வீட்டுக் காகிதம் போனால் ஒருத்தரும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள். அதைக் காட்டி எவன் வந்து ரூமுக்கு உரிமை கொண்டாடுவானோ என்று பயம். சாயந்தரம் எல்லாரும் எங்கள் மாடி ரூமுக்கு ஏறும் ஏணிக்கடியில் நின்றார்கள். “ஒம் மவ கூட்டியாந்த கூட்டம்தான?” அம்மா இறங்கிப் போய் ஒவ்வொருத்தரிடமும் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் முதல் வேலையாக மேடத்திடம் போனேன். காகிதங்கள் மேஜைமேல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

“திருப்பிக் குடுங்க மேடம். அங்க எல்லாரும் பயந்து போய் இருக்காங்க.”

“அது எவிடென்ஸ்மா. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா காட்டணும். நாம போனதுக்கு வேற என்ன ஆதாரம் இருக்கு?”

“அவங்க அங்க குடியிருக்கறதுக்கு அதுதான் மேடம் ஆதாரம்.”

“கோபப்படாதே. இதையே ரிப்போர்ட்ல எழுது. ரொம்ப நன்னா வரும்.”

நன்னா வருமாம்! காகிதக் கட்டை அப்படியே வாரி எடுத்தேன்.

“எடுத்துண்டு போனா கிரெடிட் கிடையாது.”

“நீங்களே வச்சுக்கோங்க மேடம்.”

வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தப் பாடத்தில் என்னைப் பெயிலாக்கினார்கள். கடைசி வருடம் ஜூனியர்களோடு அதையே மறுபடி எடுத்தேன். மறுபடி தாராவி. மறுபடி எங்கள் சந்து. போன முறை அங்கே ரெஸ்பான்ஸ் பிரமாதம் என்றார் மேடம். அடப்பாவிகளா! ஆனாலும் போனேன். போகாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் குப்பை.

இந்த முறை கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யார் தட்டியும் ஒரு கதவும் திறக்கவில்லை.

“உங்காத்துலயாவது கேளேன்,” என்றார் மேடம். ஃபாரத்தோடு ஏணியில் ஏறினேன். கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நாந்தாம்மா.”

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“வீட்டுக்கு வந்துருக்கியாட்டி, காலேஜ்லருந்து வந்துருக்கியா?”

கீழே மேடம் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“காலேஜ்லருந்துதாம்மா.”

“அப்பொ சாயந்தரமா வா.”