நீல ஜட்டிக்காரர் கட்சி

நீல ஜட்டிக்காரர் ஓய்வு பெறுகிறார். போன வாரம் அத்தை மகன் எங்கள் செல்போன் குழுவில் இந்தச் செய்தியைப் போட்டபோது, நான் அலுவலகத்தில் முக்கியமான ஒரு கூட்டத்தில் முக்கியமில்லாத ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவர் அமெரிக்கத் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக அடி வாங்கிக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒழுங்கான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை. அவரும் எந்தக் காலத்திலும் அந்த நீல ஜட்டியை மாற்றவில்லை. ஆகவே அதுவே பெயராக நிலைத்துவிட்டது. மற்றவர்களெல்லாம் புகையும் நெருப்பும் பாட்டும் முழங்க மேடைக்கு வருவார்கள். இவர் ரேஷன் கடைக்குப் போகிறவர் மாதிரி வருவார், விழுவார், எழுந்து போவார்.

குழுவில் அன்று முழுக்க துக்க விசாரிப்புதான். அத்தை மகன் மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவனுடைய குரல் பதிவு வந்தது. “மச்சான், மனசே சரியில்லடா. எத்தினி பேர ஆளாக்கி வுட்டாரு! அந்தாள அடிச்சிட்டுப் போனவன்லாம் இன்னிக்கு சினிமால நடிச்சிகினு கீறான். இவரு இடுப்புக்கு ஒரு சாம்பியன் பெல்ட்டு வர்ல பாரு.”

படாளத்தில் நெல் வியாபாரம் செய்யும் பழைய எதிர்வீட்டுக்காரன் நிதானமாக எழுதியிருந்தான். புதிதாக வருகிற எந்தப் பையனையும் முதலில் இவரோடுதான் மோத விடுவார்களாம். பையன் தொட்டால் போதும், இவர் முதுகால் மேடைப் பலகையை அறைந்து விழுகிற சத்தத்தில் ஊரே அந்தப் பையனைப் பயில்வான் என்று நம்பிவிடுமாம். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லையே என்று அவனுக்கு ஆற்றாமை. நெல் வியாபாரிக்குள் இப்படி ஒரு ரசிகன் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

எல்லாரும் எழுதி ஓய்ந்த பிறகு அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. அக்கா என்றால் பெரியப்பா மகள். அச்சரப்பாக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். “ஏன்டா தோத்தாரு தோத்தாருன்னே சொல்லிகினு கீறீங்க? அவரு தூக்கினவன் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போனானா?” அதைப் படித்ததும் எனக்கு வலது தோள்பட்டைக்குள் என்னவோ செய்தது. கூட்டத்தைவிட்டு எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு சட்டம் இருந்தது. கோடை விடுமுறை தொடங்கும்போது ஆளுக்கொரு மல்யுத்த வீரரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் கட்சி. சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வீட்டு டிவியில் அவரவர் வீரருக்கு என்ன நடக்கிறதோ, அது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் டச்சுக் கோட்டைக்குப் பின்னால் இருந்த மணலில் அவரவருக்கு நடந்தாக வேண்டும். டிவியில் அவர் தூக்கி எறிந்தால் நீ எறியலாம். அவர் எறியப்பட்டால் நீ வாயை மூடிக்கொண்டு எறியப்பட வேண்டும். அப்பீல் கிடையாது. ஏதாவது தகராறு என்றால் அத்தை மகன் தீர்ப்பு சொல்வான். அவனிடம் விசில் இருந்தது, அதனால் அவன்தான் நடுவர்.

நான் சாம்பியன் கட்சி. ஆறரை அடி உயரம், தலையில் இரண்டு பக்கமும் கொம்பு வைத்த தொப்பி. கொம்பன் என்போம். அவன் தோற்றதே இல்லை, ஆகவே நானும் தோற்றதே இல்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்த உடம்பு என்னுடையது. அதை வைத்துக்கொண்டு அந்தக் கோடை முழுக்க தெருவில் மார்பை விரித்துத்தான் நடந்தேன்.

அக்கா நீல ஜட்டிக்காரர் கட்சி. மற்றவர்கள் கழித்துக்கட்டியவரை ஒருத்தி தானாக முன்வந்து கேட்டு வாங்கியதில் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஏன் என்று கேட்டதற்கு, “அவருதான் அழகா விழுறாரு,” என்றாள். விழுவதில் என்ன அழகு என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் எல்லாரையும்விட அவள் மூன்று வயது மூத்தவள். தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் இடுப்புக்கு ஏற்றுகிறவள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, நாஸ்தா தின்ற கையோடு மணலுக்கு வந்து, யார் யாருக்கோ தோற்றுவிட்டுப் போவாள். பல வாரம் என்னிடமே தோற்றிருக்கிறாள். நான் அவள் இடுப்பைப் பிடித்து முக்கினால் போதும், அவ்வளவு பெரிய பெண் பஞ்சுமூட்டை மாதிரி என் தோள்மேல் வந்துவிடுவாள். அடுத்த நொடி தொப்பென்று மணலில் கிடப்பாள். என் பலத்தை நினைத்து எனக்கே சில நேரம் பயமாக இருந்தது.

விடுமுறை முடிகிற சமயத்தில் அவளைச் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் சேர்ப்பதென்று முடிவாகிவிட்டது. புது டிரங்குப்பெட்டி வந்தது. பெரியம்மாவும் கறாராகச் சொல்லிவிட்டாள். “வர்ற ஞாயித்துக்கெழமையோட மூட்டை கட்டிக்க. அடுத்த வருசம் லீவுக்கு வந்தாலும் ஆம்பள பசங்களோட மண்ணுல உருண்டுகினு இருந்தே, தோல உரிச்சிடுவேன்.” பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டே அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். “ஒரே ஒரு வாட்டி ஜெயிச்சிட்டுப் போவணும்டா. ஒரு வாட்டி.” அவள் குரலில் அப்படி ஒரு ஏக்கத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. “உங்க ஆளு ஜெயிக்கட்டும், பாக்கலாம்,” என்றேன் சாம்பியன் தோரணையில்.

அந்தச் சனிக்கிழமை டிவியில் கொம்பனுக்கும் நீல ஜட்டிக்காரருக்கும் மோதல். வானம் கறுத்து, கடல் பக்கம் இடி உருண்டுகொண்டிருந்தது. வழக்கம்போல நீல ஜட்டிக்காரர் பாதி நேரம் தரையில் இருந்தார். திடீரென்று என்ன நடந்ததோ, கொம்பனின் தொடைக்குள் கையைவிட்டு, அந்த மலையை அப்படியே தலைக்குமேல் தூக்கிவிட்டார். டிவிக்குள் கூட்டம் எழுந்து நின்றது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் நாங்களும் எழுந்து நின்றோம். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

கோடை மழை விடிய விடிய பெய்தது. யார் ஜெயித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. இன்று இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்தான். எங்கள் குழுவில் இதுவரை ஒருவரும் தேடவில்லை.

மறுநாள் மணலில் பெரிய பஞ்சாயத்து. கொம்பன்தான் எப்போதும் ஜெயிப்பவன், ஆகவே இதிலும் அவனே என்பது என் வாதம். அத்தை மகன் விசிலைக் கடித்தபடி நெடுநேரம் யோசித்தான். பிறகு இன்றுவரை அவனைப் பெருமைப்பட வைக்கும் அந்தத் தீர்ப்பைச் சொன்னான். “டிவில பாத்த வரைக்கும் சட்டம். அக்கா உன்னத் தூக்கும், நீ கம்முனு இருக்கணும். தூக்கினதுக்கு அப்பறம் சட்டம் கெடயாது. நெஜ சண்ட. இன்னா?”

அதாவது, அந்தக் கோடையில் முதன்முறையாக அக்கா ஜெயிக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள்போல நின்றாள். எனக்குப் பயமில்லை. நான் சாம்பியன்.

தூக்கினாள். அவ்வளவு சுலபமாகத் தூக்கினாள். கண்மூடித் திறப்பதற்குள் நான் அவள் தலைக்குமேல் வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். என்னை யாரும் அதுவரை தூக்கியதில்லை. காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோட்டைச் சுவர் தலைகீழாகத் தெரிந்தது. மழையில் ஊறிய மணல் அடித்துப்போட்ட சிமெண்ட் தரை மாதிரி இறுகிப்போய், கறுத்து, எங்கோ கீழே கிடந்தது. “போடு அக்கா! போடு!” என்று தெருவே கத்தியது. சாம்பியன் விழுவதைப் பார்க்க அத்தனை பேருக்கும் எவ்வளவு ஆசை!

அக்கா போடவில்லை. மெதுவாகச் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. “தலைய உள்ள வாங்கிக்கடா. தாவாக்கட்டைய நெஞ்சுல வை.”

மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். சண்டைதான் தொடங்கிவிட்டதே, சட்டமும் இல்லை. காலை உதறினேன். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தேன். வலையில் மாட்டின மீன் மாதிரி துள்ளியதில் அவள் பிடி நழுவி, நான் தலைகீழாகச் சரிய ஆரம்பித்தேன். “ஐயோ,” என்றாள். அவள் கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் உடம்பு எனக்குக் கீழே எப்படி வந்தது என்று தெரியாது. பெரிய சத்தம் ஒன்று கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவள் மல்லாந்து கிடந்தாள், நான் அவள் மேல் கிடந்தேன். என் வலது தோள்பட்டை மட்டும் தரையில் லேசாக உரசியிருந்தது.

மேலே கிடப்பவன் ஜெயித்தவன். அத்தை மகன் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையைத் தட்டி விசில் ஊதினான். நான் குதித்து எழுந்தேன். அக்கா எழ நேரமானது. முழங்கையில் தோல் வழன்று ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சு திரும்பும்வரை கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு என்னிடம் வந்து என் தலையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். அப்புறம் என் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். பையன்கள் கைதட்டினார்கள். அவளும் கைதட்டிவிட்டு, கையைக் கழுவுகிறேன் என்று கடல் பக்கம் நடந்துபோனாள்.

சாயங்காலம் பெரியம்மா முழங்கையைப் பார்த்துக் கத்தியபோது, கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். தன்னைவிடச் சின்னப் பையனிடம் தோற்றதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றப் பெருந்தன்மையாக நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளில் அவள் டிரங்குப்பெட்டியோடு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, “வரட்டுமா சாம்பியன்?” என்றாள். பஸ் திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பல வருடம், பள்ளியிலும் கல்லூரியிலும், நிஜச் சண்டையில் என்னைவிடப் பெரிய ஆளை மண்ணைக் கவ்வ வைத்த கதையைச் சொல்லித் திரிந்தவன் நான்.

அக்கா அந்தக் கோடை முழுக்க விழுந்து விழுந்து, விழுவது எப்படி என்று படித்திருந்தாள். நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு விழத் தெரியாது என்பது அன்றைக்கு அந்த மணலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.